தண்டுவட ஆஞ்சியோவில் ரோபோ: கேத் லேபில் கவனிக்க வேண்டியவை

தண்டுவடத்தில் டியூரல் ஃபிஸ்டுலா (தண்டுவட உறையில் தமனியும் சிரையும் முறைகேடாக நேரடியாக இணைவது) இருக்கிறதா என்று தேடும்போது டி3 (மூன்றாம் மார்பு முதுகெலும்பு) முதல் எல்4 (நான்காம் இடுப்பு முதுகெலும்பு) வரை இருபுறமும் உள்ள விலா எலும்பிடைத் தமனிகளையும் இடுப்புத் தமனிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் படமெடுக்க வேண்டும். மேலே கழுத்தின் வெர்டிப்ரல், கீழே இடுப்புக்கூட்டின் சேக்ரல் கிளைகள் தனிக் கணக்கு. அத்தனை நேரமும் மேசையருகே நிற்பவர் மேல் கதிர்வீச்சு படும். கதிர்வீச்சுத் தடுப்புத் திரைக்குப் பின்னாலிருந்தே கதீட்டரை (தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) ஜாய்ஸ்டிக்கால் நகர்த்த உதவும் ரோபோவின் உண்மையான பயன் இங்கேதான். நேரம் மிச்சமாகும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

நாங்கள் பயன்படுத்தும் கார்பாத் ஜிஆர்எக்ஸ் ரோபோ, இதய ரத்தக்குழாய் வேலைக்கென்று உருவானது. கதீட்டரை அது நகர்த்தக்கூடிய தூரம் 20 செ.மீ. டி3-இலிருந்து எல்4 வரை அதைவிட நீளம் என்பதால் ஒரே பிடியில் முடியாது. தொடைத் தமனியில் 5 ஃப்ரெஞ்ச் அளவு ஷீத் (நுழைவுக் குழாய்) போட்டு, கதீட்டரைக் கையாலேயே பெருந்தமனிக்குள் ஏற்றி அதன் நுனி வளைவை உருவாக்கிய பிறகுதான் கேசட்டில் (கதீட்டரைப் பிடித்து நகர்த்தும் ரோபோவின் பகுதி) மாட்டுவோம். கீழ் மார்புப் பகுதி முடிந்ததும் கேசட்டைத் திறந்து, கதீட்டரை நகர்த்தி, மறுபடி மாட்ட வேண்டும். ரோபோக் கை மேசையின் தண்டவாளத்தில் நிற்பதால் மேசையோடு நகரும். எக்ஸ்ரே கருவியின் சுழலும் சி-ஆர்ம் அதில் இடிக்காதா என்று துணி விரிக்கும் முன்பே சுழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

படத்தில் தெரிவது எந்த முதுகெலும்பு என்று எண்ண, முதுகுக்கு அடியில் ஈய அளவுகோல் ஒன்றை வைக்காமல் தொடங்கவே கூடாது. விலா எலும்பு சிலருக்கு 11 ஜோடி, சிலருக்கு 13. மேலிருந்தும் கீழிருந்தும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். இரண்டு தமனிகள் ஒரே அடியிலிருந்து பிரிவதும் உண்டு. மேல் மார்புத் தமனிகள் தங்கள் எலும்புக்குக் கீழே தொடங்கிச் சாய்வாக ஏறும். ஃபிஸ்டுலா கண்ணுக்குத் தப்புவதற்கு ஏதோ ஒரு முதுகெலும்பு மட்டம் விட்டுப்போவது முக்கியக் காரணம். எம்ஆர்ஐயில் வீக்கம் தெரியும் இடத்திலேயே ஃபிஸ்டுலா இருக்கும் என்றும் நம்பக் கூடாது; தண்டுவடத்தின் கீழ்நுனியில் வீக்கம் தெரிய, கோளாறு சேக்ரல் கிளையில் இருக்கலாம். ஆகவே தாளில் இடம், வலம் என்று தனித்தனிக் கட்டம் போட்டு, படமெடுத்தவுடன் டிக் அடிக்கிறோம்.

ஜாய்ஸ்டிக்கில் பழக வேண்டியது கதீட்டரின் குணம். கோப்ரா வகைக் கதீட்டர் என்றால் தள்ளினால் தமனியின் வாய்க்குள் போகும். மிக்கல்சன் போன்ற பின்வளைவுக் கதீட்டர் இழுத்தால்தான் உட்காரும், தள்ளினால் விலகும். முறுக்கு உடனே நுனிக்கு வந்து சேராது. உள்ளே சேர்ந்திருந்து திடீரென அவிழ்ந்து, நுனி பக்கத்துத் தமனிக்குத் தாவிவிடும். சிறிது சுழற்றி, ஒரு மி.மீ. முன்னும் பின்னும் அசைத்துவிட்டுப் பிறகு சுழற்றுவதே பாதுகாப்பு.

கை உணர்ச்சி இல்லாததுதான் பெரிய குறை. தமனிவாயைக் கதீட்டர் அடைத்திருந்தால் கையில் தெரியும். திரைக்குப் பின்னால் தெரியாது. அதனால் ஒவ்வொரு மட்டத்திலும் முதலில் சொட்டு கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) விட்டுப் பார்க்கிறோம். அது ஓடாமல் தேங்கி நின்றால் உடனே கதீட்டரை விலக்க வேண்டும். அடைத்த நிலையில் அழுத்திச் செலுத்தினால் தமனிச் சுவர் கிழியலாம். அதுவே தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் அடம்கிவிச் தமனி பிரியும் இடமாக இருந்தால் கால்களே செயலிழக்கலாம். அது பெரும்பாலும் இடப்பக்கம் டி9 முதல் டி12-க்குள் கிளம்பி, கொண்டை ஊசி போல் வளைந்து இறங்கும்.

ஒரு மட்டத்துக்கு 3 முதல் 4 மி.லி. கான்ட்ராஸ்ட் போதும். இதை உதவியாளர் பக்கத்தில் நின்று கையால் செலுத்தினால் கதிர்வீச்சு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறியதுதான் மிச்சம். நீண்ட குழாயோடு இன்ஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைப்பதே சரி. ஆனால் குழாய் நீள நீளக் காற்றுக்குமிழி ஒளியும் இடமும் கூடும், இணைப்புகளைத் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். மயக்க மருந்தில் மூச்சை நிறுத்திவைத்து, சிரைகள் நிரம்பும்வரை படத்தை ஓடவிடுங்கள். ஃபிஸ்டுலாவின் சிரை மெதுவாகத்தான் நிறையும். படத்தைச் சீக்கிரம் நிறுத்தினால் அது தெரியாமலே போகும்.

சிக்கல் வந்தால் கேசட்டைத் திறந்து கதீட்டரைக் கையில் எடுக்க ஒருவர் கையுறையோடு அங்கேயே தயாராக இருக்க வேண்டும். மொத்த கான்ட்ராஸ்ட் கணக்கையும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்த்து, தேவையானால் மீதி மட்டங்களை இன்னொரு நாளுக்கு ஒத்திவைப்போம். முடிந்து மயக்கம் தெளிந்தவுடன் இரு கால்களின் வலுவையும் தொடு உணர்வையும் சோதித்து, முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டுக் குறித்துவைக்கிறோம்.