அந்த இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள்?

ஜூன் 14, 2025, சனி

இன்று மாலை சென்னையில் ஒரு சிறிய திரையிடலில், இரண்டு இளம்பெண்களின் காதலைப் பற்றிய 18 நிமிடக் குறும்படம் ஒன்றைப் பார்த்தேன். தன்பாலீர்ப்பைப் பற்றித் தமிழில் படம் எடுக்க முன்வருகிறவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு என்பதால், படத்தின் பெயரையும் எடுத்தவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. படம் எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது என்பதை மட்டும் மறைக்க விரும்பவில்லை.

தொடக்கம் அவ்வளவு நன்றாக இருந்தது. செவிலியர் கல்லூரி விடுதியில் ஒருத்தி டிரங்குப் பெட்டியின் மேல் போர்வையை மடித்துப் போட்டு, கரண்ட் போவதற்குள் சீருடையை இஸ்திரி போட்டு முடிக்க அவசரப்படுகிறாள். இன்னொருத்தி ஒன்றுமே கேட்காமல் தன் சீருடையையும் அதன் அருகில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். தேய்க்கிறவள் தன்னுடையதை அரைகுறையாக முடித்துவிட்டு, அடுத்தவளின் சட்டைக் காலரை மட்டும் இரண்டு முறை அழுத்தித் தேய்க்கிறாள். அந்தக் காட்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு மழை வந்துவிட்டது. அதற்கப்புறம் கொலுசு, நனைந்த தாவணி, ஜன்னல் கம்பியைப் பற்றிய விரல்கள், கழுத்தோரம் ஒட்டிய மல்லிகை என்று கேமரா அவர்களின் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனதே தவிர, அவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. வார்டன் பேசுகிறார், அண்ணன் கத்துகிறான், அம்மா அழுகிறாள். காதலிக்கிற இருவர் மட்டும் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசிக்கொள்ளவில்லை. முடிவில் ஒருத்திக்குக் கல்யாணம் நடக்கிறது, மற்றவள் கடலை நோக்கி நடக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று பார்த்த முடிவு இன்னும் உறுத்துகிறது. பள்ளி மாணவிகள் இருவரின் நெருக்கத்தைச் சொன்ன பத்மராஜனின் மலையாளப் படம் 1986இல் வந்தது. அதிலும் கடைசியில் இருவரும் இறந்து கிடந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த அளவுக்குச் சொன்னதே பெரிய துணிச்சல் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதே முடிவுக்கே போய் நிற்பதை அப்படி ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேரளத்தில் பெண்கள் ஜோடியாகத் தற்கொலை செய்துகொண்ட செய்திகளின் வேதனையிலிருந்துதான் 2002 வாக்கில் ‘சஹயாத்ரிகா’ என்ற அமைப்பு உருவாயிற்று. லிஜி புல்லப்பள்ளி 2004இல் எடுத்த ‘சஞ்சாரம்’ படத்தில், தோழிக்கு வேறொருவனோடு திருமணம் நடக்கவிருக்கும் வேளையில் அருவியின் விளிம்பு வரை போய் நிற்கும் பெண், வாழ்வதென்று முடிவெடுத்துத் திரும்புகிறாள். உண்மையாகவே உயிர்கள் போன மண்ணில், அந்த வலி தெரிந்த ஒருவர் எடுத்த முடிவு அது. நேற்றைய படத்தில் மரணம் ஓர் அழகான ஷாட்டாக மட்டுமே இருந்தது. அந்தி வெளிச்சம், பின்னணியில் வயலின், கரையில் ஒரு ஜோடிச் செருப்பு. இதே தவிப்பில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அரங்கில் இருந்திருந்தால், அவளுக்கு இந்தப் படம் எந்த வழியைக் காட்டுகிறது என்று எடுத்தவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டாமா?

ஜூன் 17, செவ்வாய்

கதைக்குத்தான் பஞ்சமா? மதுரையிலிருந்து 22 வயதும் 20 வயதும் ஆன இரண்டு பெண்கள், வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்து, தன்னார்வலர்களின் உதவியோடு தங்குமிடம் தேடிக்கொண்டார்கள். பெற்றோர், மகள்களைக் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். விசாரணை என்ற பெயரில் தொல்லை வந்தபோது, இருவரும் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். தன்பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யப்படும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னதும் அந்த உத்தரவுதான்.

சென்ற மாதம் 22ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை நேரில் அழைத்துக் கேட்டது. அவரோ, தன்னை அடித்ததையும் ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ததையும் சொல்லி, தோழியோடு போகவே விரும்புவதாகக் கூறினார். குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சொல்லி, நீதிபதிகள் அவருடைய விருப்பப்படியே அவரை விடுவித்தார்கள்.

காவல் நிலைய பெஞ்சில் காத்திருப்பது, ஆதார் அட்டை வீட்டில் மாட்டிக்கொள்வது, வாடகைக்கு வீடு கேட்கும்போது அக்கா தங்கை என்று சொல்வதா தோழிகள் என்று சொல்வதா எனக் குழம்புவது, எல்லாவற்றுக்கும் நடுவில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வதென்று பேசுவது: இந்தக் காதலின் நாள்கள் இப்படித்தான் நகரும். தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ 1998இல் இந்தியாவில் வெளியானபோது மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகளைத் தாக்கினார்கள். ஆனால் அந்தப் படத்தில், ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்களும் சமையலறையில் வேலை செய்கிறார்கள், விரதம் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஓயாமல் பேசுகிறார்கள். கடைசியில் இருவரும் உயிரோடு சந்திக்கிறார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுவதால்தான் அவர்களுக்காக நாம் பதறுகிறோம்.

ஜூன் 19, வியாழன்

இவற்றையெல்லாம் இயக்குநருக்கு எழுதி அனுப்பியிருந்தேன். இன்று அவரே போன் செய்தார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “அக்கா, முதலில் வசனம் இருந்தது. நடித்த பொண்ணுங்க வீட்டில், காதல்னு வாயால சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. சொன்னா நாளைக்கு வரன் வராதாம்” என்றார். அதைக் கேட்டு எனக்கு மனம் கனத்துப்போயிற்று. படத்தில் வரும் அண்ணனும் அம்மாவும் படப்பிடிப்புத் தளத்திலும் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் அவரிடம் சொன்னேன்: காதல் என்ற சொல் இல்லாவிட்டால் பரவாயில்லை தம்பி, நைட் டியூட்டி பற்றிப் பேசியிருக்கலாம், மெஸ்ஸில் போட்ட சாம்பாரைத் திட்டியிருக்கலாம், முதல் சம்பளத்தில் என்ன வாங்குவது என்று கணக்குப் போட்டிருக்கலாம், அந்த இஸ்திரிக் காட்சியில் எந்த வீட்டாரும் குறை சொல்ல முடியாதபடி அத்தனையும் சொல்லியிருந்தீர்களே. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் காட்சி தான் யோசித்ததல்ல என்றும், நடித்த பெண்களில் ஒருத்தி தன் விடுதியில் நடந்ததாகச் சொன்னதை அப்படியே எடுத்ததாகவும் சொன்னார். அப்படியானால் மீதிப் படத்துக்கும் அவளிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

மகளிர் கல்லூரி ஒன்றின் திரைப்பட மன்ற மாணவிகள், அடுத்த மாதத் திரையிடலுக்கு இந்தக் குறும்படத்தைப் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று பதில் எழுதினேன். கடற்கரைக் காட்சியோடு மாணவிகளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ‘சஞ்சாரம்’ படத்தைப் போட்டு, 2021 உத்தரவைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞரை அழைக்கும்படி சொல்லியிருக்கிறேன். இயக்குநரையும் கூப்பிடுங்கள், அவர் முன்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்கட்டும் என்றும் சேர்த்து எழுதினேன். வருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.