324 பைட்டுகள்

மூன்று இரவுகளாக என்னை அலைக்கழித்த பிழை இன்று அதிகாலையில் பிடிபட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை!

நான் எழுதிவரும் சிறிய 32 பிட் இயங்குதளம், ஃபேட்32 என்ற கோப்பு முறைமை கொண்ட வட்டிலிருந்து கோப்பைப் பிசகில்லாமல்தான் படித்தது. ஆனால் சற்று நேரம் கழித்து, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் நினைவகத்தை விடுவிக்கும்போது நிலைகுலைந்தது. எந்த முகவரியைத் தொட்டபோது தவறியது என்பதை, செயலிக்குள் இருக்கும் சிஆர்2 (CR2) என்ற சிறு சேமிப்பிடமான பதிவகம் சொல்லும். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முகவரியே இல்லை, நான்கு பைட்டும் ஆஸ்கி எழுத்துகள், அதாவது எண்களாகக் குறிக்கப்பட்ட ஆங்கில எழுத்துகள்! என்றோ நான் அழித்த ஒரு கோப்பின் சொற்கள்.

பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. கோப்பின் அளவு 700 பைட். அவ்வளவே இடம் ஒதுக்கியிருந்தேன். வட்டோ 512 பைட் பிரிவுகளாகத்தான் தரும். இரண்டு பிரிவுகள், 1024 பைட். மிஞ்சிய 324 பைட்டில் பழைய கோப்பின் எச்சம் இருந்தது. அது அடுத்த நினைவகத் துண்டின் தலைப்பின்மேல், அதாவது அத்துண்டைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் முன்பகுதியின்மேல் எழுதப்பட்டு, அதிலிருந்த சுட்டியை (வேறோர் இடத்தின் முகவரியை) சிதைத்திருக்கிறது. குற்றம் ஓரிடம், விழுந்தது வேறிடம். இந்த வகைப் பிழையின் கொடுமையே அதுதான்.

ஒதுக்கும் அளவை 512இன் மடங்காக உயர்த்தினேன். ஒரே வரி. அடுத்து, ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு காவல் எண்ணை வைக்கப் போகிறேன்; அது மாறியிருந்தால் எல்லை மீறி எழுதியது தெரிந்துவிடும்.