ஐடி ஃபண்டா, டிவிடெண்ட் ஃபண்டா?

ஓசூர்லேர்ந்து பெங்களூருக்கு சாஃப்ட்வேர் வேலைக்குப் போற அக்கா மகன் நேத்து கேட்டான்: "மாமா, மியூச்சுவல் ஃபண்டுல மாசம் மூவாயிரம் கட்டற எஸ்ஐபி ஆரம்பிக்கணும். டெக்னாலஜி ஃபண்டா, டிவிடெண்ட் யீல்டா?"

டெக்னாலஜி ஃபண்டுல 80 சதவீதமாவது அந்த ஒரே துறையில இருக்கணும்னு பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட விதி. 2021-ல ஐடி கம்பெனி பங்குகளோட குறியீடான நிஃப்டி ஐடி கிட்டத்தட்ட 60 சதவீதம் ஏறிச்சு. 2022-ல 26 சதவீதம் இறங்கிச்சு. எனக்கு எங்க தோத்தாபுரி மாந்தோட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. கிருஷ்ணகிரியில அமோகமா காய்ச்ச ஒரு வருஷம், மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல அப்பா டிராக்டரோட ரெண்டு ராத்திரி நின்னார். அடிக்காய் நசுங்கி, சாறு ரோட்டுல ஒழுகிட்டு இருந்துச்சு. ஒரே பயிர், ஒரே விலை.

டிவிடெண்ட் யீல்ட் ஃபண்டு, லாபத்துல பங்குதாரர்களுக்கு நல்லா டிவிடெண்ட் தர்ற கம்பெனிகள்ல முதலீடு பண்ணும். அதுல போட்டா மாசாமாசம் கைக்குக் காசு வரும்னு நிறைய பேர் நம்பறாங்க. அப்படி இல்ல. க்ரோத் ஆப்ஷன்ல அந்த டிவிடெண்ட் காசு கைக்கு வராம ஃபண்டுக்குள்ளேயே சேரும். பணமா வாங்கினா யூனிட் மதிப்பு அந்த அளவு குறையும், வருமான வரியும் உண்டு. பங்குச் சந்தை விழுந்தா இதுவும் விழும். ஆனா பல துறையில பரவியிருக்கும்.

"சம்பளமே ஐடியிலேர்ந்துதானே வருது மாப்ள, சேமிப்பும் அங்கேயேவா?"ன்னு கேட்டேன். டிவிடெண்ட் யீல்டுல 2,500, டெக்னாலஜியில 500, ரெண்டும் க்ரோத்னு முடிவு பண்ணிட்டான்.