கழுத்தளவு வெற்றி

ரேஸ் வர்ணனை கேட்கத் தொடங்கியபோது என்னைப் பிடித்து இழுத்தவை குதிரைகளைவிட அந்தச் சொற்கள்தான். வெற்றி இடைவெளியை மூக்கு, தலை, கழுத்து, உடல்நீளம் என்று குதிரையின் உடம்பை வைத்தே அளக்கிறார்கள். இதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரை 'மெய்டன்', அதாவது கன்னிப்பெண். ஆண் குதிரையானாலும் அதே பெயர்தான்!

எனக்கு மிகவும் பிடித்தது 'டெட் ஹீட்'. முன்பெல்லாம் ஒரே பந்தயத்தைப் பல சுற்றுகளாக ஓட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு 'ஹீட்'. இரண்டு குதிரைகள் சமமாக வந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது, அதாவது செத்த சுற்று. சரி, இப்போது அப்படி வந்தால்? பந்தயப் பணம் வாங்கும் புக்கியிடம் வெற்றிக்குக் கட்டிய பணத்தில் பாதிக்குத்தான், பேசிய விகிதப்படி முழுப் பணம் கிடைக்கும். புதிதாகப் பந்தயம் கட்டும் நண்பர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.