எங்கள் ஏழு டிஎம்சி

எங்களுக்கு ஐந்து மா நிலம். காரைக்காலில், அரசலாற்றுத் தண்ணீர் வந்து முடியும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளை அப்பா வருஷா வருஷம் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். பழைய காலண்டர்களைத் தூக்கிப் போட விடமாட்டார்.

காவிரியில் வருஷத்துக்கு 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) என்று வைத்துத்தான் பங்கு பிரித்தார்கள். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30. புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7. ஆனால் அந்த ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் நாலு அரசுக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர்தான். "ஏழு டிஎம்சிக்கு டெல்லியில ஒரு நாற்காலியா?" என்று கல்லூரித் தோழி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்களிடம் அணை கிடையாது, மேட்டூர் சாவியும் கிடையாது. நாங்கள் கேட்பதற்கு இருக்கும் இடமே அந்த நாற்காலிதான்.

2023-ஐ மறக்க முடியாது. ஜூன் 12 மேட்டூர் திறந்ததும் குறுவைக்கு நாற்று விட்டோம். ஆகஸ்டில் மழை ஏமாற்றியது. 11-ம் தேதி ஆணையக் கூட்டத்திலிருந்து தமிழ்நாட்டு அதிகாரிகள் வெளிநடப்பு செய்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது, எங்களுக்கும் இருந்தது. 29-ம் தேதி ஆணையம், கர்நாடகத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளுக்கு வர வேண்டும் என்று கர்நாடகத்திடம் சொன்னது. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறரை டிஎம்சி! எங்களுக்கு ஒரு வருஷத்துக்கே ஏழுதான். அப்படியானால் பாருங்கள், ஒரு கூட்டத்தில் பேசி முடிவாகும் அளவு எவ்வளவு பெரியது என்று.

மழை பொய்த்த வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் யார் என்ன எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதே முக்கியம். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. காரைக்கால் எல்லையில் எத்தனை வந்தது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு, "எழுதிக் குடும்மா, பார்க்கலாம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

எங்கள் பிரதிநிதி ஆணையக் கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். போகும்போது ஏழில் எத்தனை வந்தது என்று தேதிவாரியாக அளந்த கணக்கோடு போக வேண்டும். பக்கத்துத் தமிழ்நாட்டு விவசாயிகள் எங்கள் சொந்தக்காரர்கள், சண்டை அவர்களோடு இல்லை. கணக்கு மட்டும் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதகுச் சுவரில் பாசியைச் சுரண்டிவிட்டு, வெள்ளை பெயிண்டால் தண்ணீர் உயரத்தை அளக்க அடிக்கு ஒரு கோடு போட்டேன். அப்பா டேப்பைப் பிடித்துக்கொண்டார். "நாலாவது கோடு தொட்டா நம்ம வயலுக்கு ஏறும்" என்றார். அதை மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறேன்.