பிப்ரவரியிலும் அக்டோபரிலும் அளந்த ஒரே கோடு

பினாங்கின் பெருநிலப் பகுதியில், புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில், என் மாமாவுக்குக் காய்கறித் தோட்டம் ஒன்று இருக்கிறது. மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்குள்ள பழைய உறைகிணறு கைகொடுப்பதில்லை என்பதால், ஆழ்துளைக் கிணறு போட அவர் முடிவு செய்தார். மழைக்காலத்தில் வந்து, தரைக்குள் மின்னோட்டம் செலுத்தி நிலத்தின் மின்தடையை ஒரே நாளில் அளந்துவிட்டுப் போன ஒரு நிறுவனம், வாய்க்காலை ஒட்டிய இடத்தைக் காட்டி, ஐந்து மீட்டருக்குள்ளேயே நீர் தென்படுவதாக அறிக்கை கொடுத்திருந்தது. புவி இயற்பியல் படித்தவன் என்ற உரிமையில், "மாமா, துளை போடுவதற்கு முன் கோடையில் ஒருமுறை அளந்துவிடுவோம்" என்று கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரியில் 5 மீட்டர் இடைவெளியில் 41 மின்முனைகளாக எஃகுக் கம்பிகளை ஊன்றி, 200 மீட்டர் நீளக் கோட்டில் வென்னர் முறையில் அளந்தோம்; சம இடைவெளியுள்ள நான்கு முனைகளில் வெளி இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கும் முறை அது. இந்த அமைப்பில் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழம் வரை பார்க்க முடியும். ஆனால் மண் இறுகிக் கிடந்தது. சம்மட்டியால் அடித்து இறக்கிய எஃகுக் கம்பியைச் சுற்றி விரல்கடை அளவுக்கு மண் விலகி நின்றதால் மின்னோட்டம் தரைக்குள் போகவே மறுத்தது; பாதிக்கு மேற்பட்ட முனைகளைக் கருவி பிழையெனக் காட்டியது. ஒவ்வொரு கம்பியின் அடியிலும் சிறிதளவு உப்புநீர் ஊற்றி, மண்ணை மிதித்து இறுக்கிய பிறகே அளவீடு நிலைப்பட்டது. அதிகமாக ஊற்றினால் நீர் பரவி மேல்மண்ணின் அளவீட்டையே மாற்றிவிடும் என்பதால், குவளையால் அளந்தே ஊற்றினோம். அந்த ஒரு வேலைக்கே காலைப்பொழுது முழுவதும் போய்விட்டது.

அக்டோபரில் அதே முளைக்குச்சிகளின் இடத்தில் கம்பிகள் கையழுத்தத்திலேயே இறங்கின. இடிமேகம் திரண்டதும், 200 மீட்டர் கம்பிவடத்தைத் தரையில் விட்டுவைப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், இருமுறை வேலையை நிறுத்த நேர்ந்தது.

இரு அளவீடுகளையும், பினாங்கைச் சேர்ந்த எம்.எச். லோக் உருவாக்கிய, அளவீடுகளை நிலத்தடிப் படமாக மாற்றும் ரெஸ்-2-டி-இன்வ் மென்பொருளில் ஒரே அமைப்புகளோடு கணித்தேன். பிப்ரவரியில் 1,100 ஓம்-மீட்டராக (மின்தடைத்திறனின் அலகு) இருந்த மேல்மண்ணின் தடை அக்டோபரில் 280-க்கு இறங்கியிருந்தது. மண்ணில் மின்னோட்டம் பெரும்பாலும் துகள்களுக்கிடையே உள்ள நீரில் கரைந்த உப்புகளின் வழியே செல்வதால், ஈரம் ஏறினால் தடை இறங்குவது இயல்பு. குளிர்நாடுகளில் வெப்பநிலை மாற்றத்தையும், பாகைக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு என, கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். ஆண்டு முழுவதும் வெக்கை பெரிதாக மாறாத நம் ஊரில் மழைதான் முதன்மைக் காரணம். மேலடுக்கு இப்படி ஈரமாகிவிட்டால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அதிலேயே ஓடிவிடுகிறது. ஆழத்தைப் பற்றிய செய்தி மங்கிப்போகிறது.

வாய்க்கால் ஓரத்தில் நிறுவனம் நீர் என்று காட்டிய, குறைந்த தடையைக் குறிக்கும் நீலத்திட்டு அக்டோபர்ப் படத்தில் 60 ஓம்-மீட்டரோடு பளிச்சென்று இருந்தது. பிப்ரவரியில் அதே இடம் 160. கைத்துளைப்பானை இறக்கிப் பார்த்தபோது, நான்கு மீட்டரில் விரலில் ஒட்டிக்கொண்டு விடாத வெளிர்க் களிமண் வந்தது. கருங்கல் சிதைந்து உண்டாகும் அத்தகைய களிமண் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, கிணற்றுக்கு விட்டுக்கொடுக்காது. குறைந்த தடை என்றாலே நீர் என்று எழுதி, அளந்த மாதத்தைக்கூடக் குறிப்பிடாமல் ஒரு விவசாயியின் கையில் கொடுத்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

என் கவனம் கோட்டின் 120-ஆவது மீட்டரில் நின்றது. இருபுறமும் 2,000 ஓம்-மீட்டரைத் தாண்டிய உறுதியான கருங்கல்லுக்கு நடுவே, 25 மீட்டர் ஆழத்தை ஒட்டி, 150 அளவிலான ஒரு செங்குத்துப் பட்டை இரு பருவத்திலும் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. மழைக்கு மேற்பரப்பு எவ்வளவு மாறினாலும் அசையாத அந்தப் பட்டை, நீர் நிறைந்த வெடிப்பாக இருக்கலாம் என்று கருதினேன்.

டிசம்பரில் அங்கேயே துளையிட்டோம். முதலில் சேறு, பிறகு சாம்பல் நிறத் தூள். 27 மீட்டரை எட்டியதும் துருநிறம் படிந்த கூரிய கற்சில்லுகள் நீரோடு பீறிட்டு வந்தன. மாமா ஒரு சில்லைக் கையில் ஏந்தி, பேச்சில்லாமல் நின்றார். பிப்ரவரி நடுவில் உறைகிணறு அடிமட்டத்துக்குப் போனபோதும், புதிய கிணறு நாள்தோறும் நான்கு மணி நேரப் பாசனத்துக்கு நீர் கொடுத்தது.