எதை நம்புவது, சிஸ்டர்?

"நேத்து உப்பு குறைஞ்சா ஆபத்துன்னீங்க. இன்னைக்கு ஏறினா ஆபத்துங்கிறீங்க. எதை நம்புறது சிஸ்டர்?" அந்த மகன் கேட்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிய வயது. 135-க்குக் கீழே போகக்கூடாத ரத்தச் சோடியம் (உப்பு என்று நாங்கள் சொல்வது), சேர்க்கும்போது 112. ஒரு வாரமாகத் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். பிரஷருக்கான தயசைடு மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர்.

3% சலைனை, அதாவது அடர்த்தியான உப்புக் கரைசலை, பம்பில் மெதுவாக ஏற்றினோம். மறுநாள் காலை 120. 24 மணி நேரத்தில் 8 வரை ஏறினால் போதும் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். ஆனால் அம்மா இன்னும் மகனை "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகன் கண்ணில் பட்டது நின்றுபோன பம்ப் மட்டும்தான்.

நாள்பட்டு சோடியம் குறையும்போது, மூளை செல்கள் உள்ளே இருக்கும் சிலவற்றை வெளியேற்றி வீக்கத்தைச் சமாளித்துக்கொள்கின்றன. அப்படிப் பழகிய மூளையில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் நரம்புகளின் மேலுறை சிதையலாம். உடனே தெரியாது. தேறிவிட்டார் என்று நிம்மதியாகும் நேரத்தில், சில நாள் கழித்துப் பேச்சு போகும், விழுங்க முடியாது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்தவரை எளிதாகத்தான் சொன்னேன். கடைசியில், "கை கால் விழுந்துடலாம் சார்" என்றேன்.

அவர் முகம் மாறியது அந்த இடத்தில்தான். மதியமே கையெழுத்துப் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ? சொல்லாமல், குழம்பிக் கிடக்கும் அம்மாவுக்கு மருந்தை நிறுத்தியதை எப்படிப் புரியவைப்பது? "டாக்டர் சொன்னார்" என்று நழுவியிருந்தால் அவர் தங்கியிருப்பாரா? இருக்கலாம். ஆனால் அது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்புறம் இரவில், மரியாதையைவிட அந்த அம்மா அதே கட்டிலில் இருந்திருப்பதுதானே முக்கியம் என்றும் தோன்றுகிறது.

ரிசல்ட்களை நேரத்தோடு எழுதி, 3% எப்போது நிறுத்தியது என்றும் குறித்துக் கொடுத்தேன். போகிற இடத்தில் 120-ஐ மட்டும் பார்த்து மறுபடி வேகமாக ஏற்றிவிடக்கூடாதே என்ற பயம். பிரஷர் மாத்திரையைப் பற்றி மகளிடம் வாசல் வரை போய்ச் சொன்னேன். தலையாட்டினார். கையிலிருந்த மருந்துப் பையில் அந்த மாத்திரை அட்டையும் இருந்தது.